அக்காவின் அளவு

சவர்க்கார நுரை விரல்களுக்கிடையில் குளிர, நகைக்கடைக்காரர் என் வலது கையைக் குவித்துப் பிடித்து, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, பித்தளை அளவு வளையம் ஒன்றை மெல்ல உருட்டி ஏற்றினார். எலும்பு முட்டிய இடத்தில் நன்றாக நொந்தது, ஆனாலும் காப்பு வாங்க வந்தவள் அழுதால் மரியாதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முள்ளியவளையில் இருந்த சின்னக் கடை அது. எனக்குப் பத்து வயது.

காப்புக்கு அளவு பார்ப்பது மணிக்கட்டில் அல்ல, பெருவிரலின் அடியில் புடைத்து நிற்கும் "மொளி"யில் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வளரும் பிள்ளைக்கு ஒரு அளவு கூட்டி எடுத்து, உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுவிட்டு, கை பெருக்கப் பெருக்க நூலைக் குறைத்துக்கொண்டு வருவது எங்கள் கரையோரத்துப் பெண்களின் வழக்கம். எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். காப்பின் அளவுகள் ரெண்டு ரெண்டு, ரெண்டு நாலு, ரெண்டு ஆறு என்று கூடிக்கொண்டு போகும். "நண்டுக்கால் மாதிரிக் கை, இதுக்கு ரெண்டு ரெண்டே தாராளம்" என்று அம்மா என்னை நக்கலடித்தார். பிறகு, குரல் ஒன்றும் மாறாமல், "மற்றச் சோடி மூத்தவளுக்கு" என்றார்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டையின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாகக் களப்புத் தண்ணீரைக் கடந்தபோது அம்மா என்னைத் தோளில் வைத்திருந்தார், பதினைந்து வயது அக்கா அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மறுகரையில் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் பல்லடி முரசு விறைத்துக் கிடக்குமே, அப்படித்தான் கிடக்கிறது. இரண்டு பெண்களுக்கும் ஒன்றாகக் காப்புப் போடுவதாக அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பி, கருவாடு விற்று, சொன்னதைச் செய்ய வந்திருந்தார்.

"பிள்ளையைக் கூட்டி வரேல்லையோ? கையைப் பாக்காமல் எப்பிடி அளவு சொல்லுறது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அவள் வெளியில நிக்கிறாள்" என்றார் அம்மா. கொழும்பு என்றோ வெளிநாடு என்றோ கடைக்காரர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எத்தினை வயசு?"

"பதினஞ்சு."

நான்தான் வாயைத் திறந்தேன். "இப்ப பதினேழு, அம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். வெளியே போனதும் அடி விழும் என்று நினைத்தேன். ஆனால் அவர் வளையங்களைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "ஓம், பதினேழு. வளர்ந்திருப்பாள். ரெண்டு நாலு தாங்கோ" என்றார். பிழை அங்கேதான் தொடங்கியது, தொடக்கியவள் நான்.

அதற்குப் பிறகு அக்கா வளர்ந்துகொண்டே இருந்தாள். எனக்குப் பதினாறு ஆனபோது, "இப்ப கொஞ்சம் சதை வைச்சிருக்கும்" என்று அம்மா அந்தச் சோடியைக் கொடுத்து இரண்டு ஆறாக மாற்றிக்கொண்டு வந்தார். என் கலியாணத்துக்கு நகை எடுக்கப் போன இடத்தில், "ரெண்டு பிள்ளை பெத்திருப்பாள், கை ஊதியிருக்கும்" என்று அதையே இரண்டு எட்டாக மாற்றினார். பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும்தான் வைக்கவில்லை. என் கணவர் ஒருநாள், "இதை நிப்பாட்டச் சொல்லுமன்" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. காணாமல் போன பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வெயிலில் நிற்கும் பெண்களோடு, அக்காவின் படத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் வருடக்கணக்காக நின்றவர். நிப்பாட்டு என்று எந்த வாயால் சொல்வது?

போன கார்த்திகையில் அம்மா தனியே பஸ் ஏறிப் போய் மத்தியானம் திரும்பி வந்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மடியிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

"உன்ர அளவுக்கு மாத்திக்கொண்டு வந்தனான். கையைக் கழுவிப்போட்டுப் போடு."

"அக்காவின்ரயோ?"

"ஓம். ஆத்துமாக்கள் பூசைக்கு அவளின்ர பேரையும் சாமியாரிட்டக் குடுத்திட்டு வந்தனான்."

இத்தனை வருடங்களில் இறந்தவர்களுக்கான அந்தப் பூசையில் அக்காவின் பெயரை வாசிக்க அவர் ஒருமுறையும் விட்டதில்லை. நான் கையைக் கழுவினேன். காப்பு மொளியில் சற்றே தடுத்து, பிறகு சுகமாக இறங்கியது. எனக்கு அழுகை வரவில்லை; வராததற்கு வெட்கமாக இருந்தது.

"பெரிசாக் கிடக்கு, அம்மா. திருப்பிக் குடுத்துவிடுங்கோ" என்று பொய் சொன்னேன்.

அம்மா என் கையை இழுத்து, காப்பை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். "அளவாத்தான் கிடக்கு" என்றார். பிறகு மீன் சட்டியைத் தன் பக்கம் எடுத்து, நான் விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். அக்காவின் கை இப்போது எவ்வளவு இருக்கும் என்று எங்கள் வீட்டில் அதன்பிறகு ஒருவரும் கேட்பதில்லை.