ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்த ஓய்வு

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம்: நிதி ஆலோசகர், நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். சின்னமனூரில் ஓர் உரக்கடையின் மாடி. கீழிருந்து பூச்சிமருந்து வாடை ஏறி வந்துகொண்டே இருந்தது. மேசைமேல் ஆலோசகரின் லேப்டாப், அதன் பக்கத்தில் நான் கொண்டுபோன எக்ஸ்ரே உறை. பணத்தைப் பற்றிப் பேசப் போகிற இடத்துக்கு இது எதற்கு என்று வீட்டிலேயே மனைவி கேட்டாள். என் பயத்துக்கு என்னிடம் வேறு அத்தாட்சி கிடையாது. மேகமலைக்கு இருபத்தெட்டு வருடம் ஜீப் ஓட்டியதில் முதுகெலும்புத் தட்டு இரண்டு தேய்ந்துவிட்டது. இனியும் ஓட்டினால் கால் மரத்துப்போகும் என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். வயது ஐம்பத்து நான்கு. வண்டியை விற்றுவிட்டு உட்கார்ந்தால், சேர்த்து வைத்தது இரண்டு பேர் ஆயுளுக்கும் வருமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தோம்.

ஆலோசகர் ராயப்பன்பட்டிக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். யாரையும் அவசரப்படுத்தாத பேச்சு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், சதவீதக் கணக்கெல்லாம் புரியாது. போதும் அல்லது போதாது, இரண்டில் ஒன்றைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

"அண்ணே, மேகமலைக்கு ஒரே ரோடுதான். ஒரு நாள் வெயிலடிக்கும், ஒரு நாள் மண்ணு சரிஞ்சு கெடக்கும், ஒரு நாள் யான நிக்கும். அதே மாதிரி ஒங்க பணத்த ஆயிரம் தடவ ஓட்டிப் பாக்குறேன். ஒரு தடவ வெலவாசி ஏறும், ஒரு தடவ வட்டி எறங்கும். எம்பத்தஞ்சு வயசு வரைக்கும் எத்தன தடவ போய்ச் சேருதுன்னு பாப்போம்."

வண்டி விற்றால் வருவது, வங்கி டெபாசிட், மாடி வீட்டு வாடகை, மாதச் செலவு எல்லாவற்றையும் கேட்டு ஏற்றினார். கடன் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றோம். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அது சுற்றி முடிவதற்குள் என் வலதுகால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, பச்சையும் சிவப்புமாக. ஆயிரத்தில் எண்ணூற்று எண்பது தடவை பணம் கடைசிவரை நின்றது. நூற்று இருபது தடவை நடுவழியில் தீர்ந்தது. என் கண்ணுக்கு அந்த நூற்று இருபதுதான் தெரிந்தது. இதில் என்னுடைய கோடு எது என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நா எதுக்குண்ணே வாடகக் கட்டடத்துல ஒக்காந்திருக்கேன்" என்றார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "எட்டாங் கிளாசுக்கே போகாத ஆளு. எம்பத்தெட்டு மார்க்கு வாங்கிட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்காரு பாரு" என்று தங்கையிடம் சொன்னார். அவள் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வண்டியை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

எழுந்திருக்கும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை அனுமந்தன்பட்டிக் காதுகுத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மச்சான் கேட்டார். மனைவி நேரத்தைச் சொல்லிவிட்டு, "நம்ம புள்ள கல்யாணத்துக்கு இருவதாயிரம் வச்சாக. இருவத்தஞ்சாச்சும் வைக்கணும்ணே" என்றாள்.

லேப்டாப்பை மூடப்போன ஆலோசகரின் கை நின்றது. மகள் கல்யாணத்தில் வந்த மொய் மொத்தம் எவ்வளவு, அது இப்போது எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். டெபாசிட்டில் என்றேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மொய்யை யாரும் கடன் என்று சொல்ல மாட்டார்கள். வைத்தவர் வீட்டு விசேஷம் வரும்போது, வாங்கியதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வோம், அவ்வளவுதான். செய்யாமல் விட்டால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆனால் கடன் என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வராது.

"தப்பு என் மேலதாண்ணே. எங்க வீட்லயும் மொய் நோட்டு இருக்கு. இந்த ஃபார்ம்ல அதுக்குக் கட்டமே இல்ல, நானும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மனைவி நோட்டைப் பார்க்காமலே ஊர் ஊராகச் சொன்னாள். நாங்கள் முன்பு செய்து திரும்பி வந்ததைக் கழித்தபின், இனிமேல் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். வட்டம் திரும்பச் சுற்றியது. இந்த முறை ஐந்நூற்றுத் தொண்ணூறு. பேத்திக்கு ஒரு விசேஷம் வைத்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று மச்சான் யோசனை சொன்னார். ஆலோசகர் அதையும் ஓட்டிக் காட்டினார். கோடுகள் முதலில் ஏறின, பிறகு முன்னைவிட வேகமாக இறங்கின. இன்னும் இரண்டு வருடம் வண்டி ஓட்டினால் எழுநூற்று நாற்பது என்று வந்தது. அதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, எக்ஸ்ரே உறையைப் பார்த்தார். ஓட்டு என்றோ ஓட்டாதே என்றோ அவர் சொல்லவில்லை. நான் அதட்டிக் கேட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மனைவிதான் முடித்தாள். "மொய்ப் பணத்தத் தனி டெபாசிட்டாப் பிரிச்சுருங்க தம்பி. அது நம்ம பணமில்ல. மிச்சத்துல எவ்வளவு வருதோ அதுல தின்னுக்கிருவோம். இவுக இனி அந்த மல ஏற வேணாம்." மாதச் செலவில் மூவாயிரம் குறைத்துப் போடச் சொன்னாள். காப்பியை ஒரு வேளையாக்குவதிலிருந்து தொடங்கி எதையெதைக் குறைப்பது என்று அங்கேயே விரல்விட்டு எண்ணினாள். ஆலோசகர் கடைசியாக ஒரு முறை ஓட்டினார். எழுநூற்றுப் பத்து. அந்த வாரமே ஜீப் கைமாறியது.

நான்கு வருடமாகிவிட்டது. ஆலோசகர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். தை பிறந்ததும் அங்கிருந்து போன் போட்டு, எங்கள் கணக்கைத் திரும்ப ஓட்டிச் சொல்வார். முதல் போனில், இப்போது தான் கொடுக்கிற எல்லா ஃபார்மிலும் மொய்க்கு ஒரு கட்டம் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் இன்னும் கவலைப்படுகிறவன்தான். அவர் எண்ணைச் சொல்வதற்குள் கால் தானாகத் தரையை அழுத்தும். ஆனால் கால் மரத்துப்போகவில்லை. இந்த வருடம் எழுநூற்று அறுபது என்றார். அப்புறம் வழக்கம்போல, அந்த மொய்க் கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார். மனைவி போனை வாங்கி, இன்னும் செய்ய வேண்டிய வீடுகள் பதினெட்டு என்றும், தொகை மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றும் சொன்னாள்.