ஒரு வருஷ வாய்தா

வக்கீலுக்கு வாய்தான் மூலதனம் என்று நம்பித்தான் எல்லோரும் படிக்க வருகிறோம். ஜூனியராகச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, முதல் சில வருஷம் இது முழுக்க முழுக்கக் கால் சம்பந்தப்பட்ட தொழில் என்று. கோர்ட்டு வராந்தாவில் நின்று நின்று குதிகால் வெடித்த தோழிகளே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

நிறைமாசமும் சொத்துரிமையும்

இந்தத் தொழிலுக்கு வர இரண்டு வழி. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருஷம் படிப்பது ஒன்று. டிகிரி வாங்கிவிட்டு மூன்று வருஷம் படிப்பது இன்னொன்று. பாகூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் படித்த எனக்கு முதல் வழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பி.ஏ. முடித்து, கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த பிறகு இரண்டாவது வழியில் நுழைந்தேன்.

இரண்டாம் வருஷப் பரீட்சையின்போது எனக்கு நிறைமாசம். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் வயிறு அடங்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து சொத்துரிமைச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் கையைத் தூக்கினேன். கண்காணிப்புக்கு வந்திருந்த அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, உனக்கு இப்ப வேண்டியது பேப்பரா, ஆட்டோவா?"

நான் எழுதிய ஒப்பந்தம்

சென்னைக்குப் போய், இரவல் கவுனை மாட்டி, உறுதிமொழி எடுத்து வக்கீலாகத் திரும்பினேன். மகனுக்கு அப்போது ஒன்றரை வயசு. மாமியார் கீரை ஆய்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "ஒரு வருஷம் புள்ளைய நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள நீயா ஒரு கேஸு பேசிட்டன்னா தொடர்ந்து போ. இல்லன்னா உன் வூட்டுக்காரன் கம்பெனியில டைப் அடிக்கற வேலை இருக்குதாம், பேசாம அங்க போயிடு."

ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேருகிற பிள்ளைகளுக்குக்கூட இத்தனை வருஷம், இன்ன வேலை என்று ஒப்பந்தம் உண்டு. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதித் தருகிற நமக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். மூன்றே நிபந்தனை. நாலரை மணிக்கு என்னை விட்டுவிட வேண்டும். கேஸ் கட்டைக் கோர்ட்டு வாசலில் வைத்து நீட்டாமல் முதல் நாளே படிக்கத் தர வேண்டும். வருஷத்துக்குள் ஒரு கேஸாவது நான் தனியாகப் பேச வேண்டும்.

நான் சேர்ந்திருந்த சீனியர் வக்கீல் அதைப் பொறுமையாகப் படித்தார். சிவப்பு மையில் இரண்டு இடத்தில் கமா போட்டார். கையெழுத்து மட்டும் போடாமல் இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். குமாஸ்தா கோதண்டம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வாடகைப் பத்திரம் மாதிரியே இருக்குதே வக்கீலம்மா. வருஷா வருஷம் வெள்ளையடிக்கறது யாரு பொறுப்பு?"

ஜெயிக்க மறந்த நாள்

ஜூனியருக்கு உள்ளது ஒரே வசனம்: "சீனியர் வேற கோர்ட்டுல இருக்காருங்க, வாய்தா வேணும்." நான் அதைத் தூக்கத்திலும் சொல்வேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் கட்சிக்காரர். அவருக்கு வக்கீல் என்றால் இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி 'மேத்ரு'தான். என்னைப் பார்த்தால், "பாப்பா, மேத்ரு உள்ள இருக்காரா?" என்பார். அவர் வீட்டுக்குப் போகிற சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் தகர ஷெட் இறக்கிவிட்டார். நடக்க முடியாத மனைவியைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவர வழியில்லை.

அன்றைக்கு எதிர் தரப்பிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. நீதிபதி என்னைப் பார்த்து, "உங்க மனு மேல உத்தரவு போடலாமா?" என்றார். நான் எழுந்தேன். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. வாய்தா கேட்டேன்! பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார். "அம்மா, நீங்க ஜெயிக்கப் போறீங்க. அதுக்குமா வாய்தா?"

வீட்டு கோர்ட்டு

அதற்குள் சீனியர் வந்து சேர்ந்து கெஞ்சியும், ஒரு மாசம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. பெரியவர் என்னைத் திட்டவில்லை; அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் பீச்சுக்குப் போகலாம் என்று காலைக் கட்டிக்கொண்டான். "நாளைக்குப் போலாம்டா." மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "புள்ளைகிட்டயும் வாய்தாவா? பொங்கலோட உன் வருஷம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

தையல் டேப்

மறுநாளே தையல் டேப்போடு அந்தச் சந்துக்குப் போனேன். சக்கர நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். ஷெட் விட்டு வைத்த வழி இருபத்திரண்டு. நாற்காலி தகரத்தில் முட்டி நிற்பதை, பெரியவரைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்தேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேஸ் வந்தது. "சீனியர் வர லேட்டாவுமாம், வாய்தா வாங்கிடச் சொன்னாரு" என்று கோதண்டம் என் காதில் ஊதினார். ஆனால் எனக்கு முன்னால் எதிர் தரப்பு வக்கீலே எழுந்து வாய்தா கேட்டார். நீதிபதி என் பக்கம் பார்க்காமலே, "உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே?" என்று தேதி எழுதப் போனார்.

"இருக்குங்க ஐயா."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். "நாற்காலி இருபத்தாறு அங்குலம், வழி இருபத்திரண்டு. அந்தம்மா வெளியில வந்து அஞ்சு மாசமாச்சு. இன்னொரு வாய்தா குடுத்தா வழி அகலமாயிடாதுங்க ஐயா." போட்டோவை நீட்டினேன். நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். வழக்கு முடியும்வரை வழியை மறிக்கக் கூடாது, துருத்தி நிற்கும் தகரத்தை ஒரு வாரத்தில் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வெளியே வந்தால் சீனியர் மூச்சிரைக்க நிற்கிறார். "யாரக் கேட்டும்மா பேசின?" "மூணாவது நிபந்தனையக் கேட்டுத்தான் சார்." சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நேராக நின்றார். "மேத்ரு, இவ்ளோ நல்லா பேசத் தெரிஞ்ச நீங்க போன தடவ எதுக்கு வாய்தா கேட்டீங்க?"

அன்று சாயங்காலம் பீச்சு மணலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும், மாமியார் பேரனின் கால் மணலைத் தட்டிவிட்டபடியே "சரி, இன்னொரு வருஷம் பாக்கலாம்" என்றார். இத்தனை நாளில் நான் கேட்காமலே கிடைத்த வாய்தா அது ஒன்றுதான்.