வாடை தெரியாத மூக்கு

வேலூரில் கம்பவுண்டர் படிப்புக்குச் சேர்ந்த முதல் மாதமே என் மூக்கு என் மானத்தை வாங்கியது.

பெயர் சொல்லாமல் கொடுத்த ஒரு சிட்டிகைத் தூளைச் சோதனைக் குழாயில் போட்டு, அதன் மேல் நாலு சொட்டு அமிலம் விட வேண்டும். எழும் ஆவியைக் கையால் லேசாக விசிறி முகர்ந்து, என்ன வாடை என்று நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். ‘வாடை இல்லை’ என்று எழுதினேன்.

பாடம் நடத்திய அம்மா அதைப் படித்துவிட்டு, ஈயக் கரைசலில் நனைத்த காகிதத்தைக் குழாயின் வாயில் காட்டினார். காகிதம் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் ஊரைத் தூக்குகிறதே, உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மருந்து கெட்டதை முதலில் சொல்வது மூக்குதான், பரீட்சைக்குள் இது சரியாகாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பிறகு தனியாகச் சொன்னார்.

காரணம் எனக்குத் தெரியும். சொல்ல வெட்கம். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. மயிர் கழிவதற்காகத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு எடுப்பார். எங்கள் வீடு அந்த ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தது. குழியிலிருந்து வருவதும் இதே அழுகிய முட்டை நாற்றம்தான். பிறந்தது முதல் அந்தக் காற்றையே இழுத்தவளுக்கு அது நாற்றமாகவே பட்டதில்லை. அன்று அப்பா மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதன் பிறகு லீவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. ஹாஸ்டலிலேயே கிடந்து, கிராம்புத் தைலம், கற்பூரம் என்று கிடைத்ததையெல்லாம் முகர்ந்து பழகினேன். மூக்கு மெல்ல மெல்லத் திறந்தது. பரீட்சையன்று குழாயை விசிறியதும் குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் குமட்டியிருக்க மாட்டார்கள்.

தேறிய செய்தியோடு ஆம்பூரில் இறங்கினேன். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, தலை ஈரம் காயாமல் வாசலில் நின்றிருந்தார். செய்தியைச் சொன்னதும் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தக் கைகளிலிருந்து வந்த நாற்றத்தில் என் முகம் தானாகத் திரும்பிவிட்டது. திருப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

அப்பா கைகளை எடுத்துக்கொண்டார்.

“நீ வர்றேன்னு ரெண்டு தபா குளிச்சேம்மா. இன்னும் போவலையா?”

ரயில் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு, எனக்கு எட்டத்தில், கதவோரமாகப் போய் உட்கார்ந்தார்.