கத்தல் பாட்டு ஓடிய மூன்று நாள்

துபாய் அல் கூஸில் நான் டைம்கீப்பராக இருந்த இரும்புப் பட்டறையில், நடுத்தூணில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய ஒரு நீல ஸ்பீக்கர் இருந்தது. அதன் வலையெல்லாம் இரும்புத்தூள் அடைத்திருக்கும். எங்கள் ஃபோர்மேன் தன் போனிலிருந்து அதில் பாட்டு வைப்பார். கிரைண்டர் அலறும், வெல்டிங் பொறி பறக்கும், அதையெல்லாம் மீறிப் பாட்டும் கேட்கும். இப்போது ஏசி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் ஏங்கத்தான் செய்கிறேன்.

ஃபோர்மேன் பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியர். எங்களோடு இந்தியும் அரபியும் கலந்து பேசுவார். வழக்கமாக ஓடுவது அரபுப் பாட்டு. சில நாட்கள் மட்டும் வேறு ஒன்று வரும்: அமெரிக்காவில் ஆர்மீனிய வம்சத்து ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஹெவி மெட்டல் குழுவின் பாட்டு. எங்கள் ஆட்கள் அதற்குக் கத்தல் பாட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிட்டார் இரும்பை அறுக்கிற மாதிரி அறுக்கும். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்து, சட்டென்று எல்லாம் அடங்க, ஒற்றைக் குரலில் இழுத்துப் பாடுவான். அந்த இழுவையில் நம் ஊர் ஒப்பாரி இருக்கிறது என்று இன்று தெரிகிறது. அன்று எங்கள் காதில் விழுந்தது வெறும் கத்தல்தான்.

பட்டறையில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. கத்தல் பாட்டு ஓடினால் ஃபோர்மேன் கோபமாக இருக்கிறார்; அன்று யாரும் லீவு கேட்கக் கூடாது. எப்போதோ ஒருவன் அந்த நேரத்தில் போய் நின்று "மாஃபி", லீவு கிடையாது, என்று திட்டு வாங்கி வந்தான். அவ்வளவுதான், அதிலிருந்து சட்டம் பிறந்துவிட்டது. லீவு ஃபாரம் என் மேசையில் இருக்கும். ஆட்கள் வாசலில் நின்று, "இன்னைக்கி என்ன பாட்டுண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எனக்கும் பெருமை தாங்காது. பெரிய ஜோசியக்காரன் மாதிரி நாள் பார்த்துச் சொல்வேன்.

கொரோனா சற்று அடங்கி விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்திருந்த சமயம். என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், அதே பட்டறையில் ஃபிட்டர். நான்தான் அவரைக் கூட்டி வந்து சேர்த்தேன். புதுக்கோட்டையில் அவர் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். மச்சான் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். வெளியே கத்தல் பாட்டு, அதுவும் இதுவரை கேட்காத புதுப் பாட்டு, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"பொறுங்க மச்சான். இப்பப் போயி நீட்டுனா மாஃபின்னுருவாரு. ஒரு தடவ சொல்லிட்டா அப்பறம் மாத்த மாட்டாரு. பாட்டு மாறட்டும்."

"அப்பா தாங்குமா மாப்ள?"

"நாளைக்கி மாறிரும், பாருங்க."

மாறவில்லை. மறுநாளும் அதே பாட்டு. மூன்றாம் நாளும் அதே. மச்சான் கிரைண்டரைப் பிடித்தபடி அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூன்றாம் நாள் காலை டீ நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மச்சான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஃபோர்மேன் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா இப்படிக் கிடக்கிறார் என்று ஏன் சொல்லவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஸ்பீக்கரைக் கைகாட்டி, நீங்கள் கோபமாக இருந்தீர்கள், அதனால்தான், என்று உளறினேன்.

அவர் பாட்டை நிறுத்தினார். பட்டறையே நின்றுவிட்டது. தன் கலவை மொழியில் அவர் சொன்னது இதுதான். அந்த நான்கு பேரும், அவரைப் போலவே, நூறு வருஷத்துக்கு முன் துருக்கியில் நடந்த ஆர்மீனியப் படுகொலையில் தப்பி ஓடியவர்களின் பேரன்கள். தங்களுக்குள் ஒத்துப்போகாமல் பதினைந்து வருஷமாகப் புதுப் பாட்டே போடாதவர்கள். இப்போது சொந்த மண்ணில் அஜர்பைஜானோடு போர் என்றதும், சண்டையை ஓரம்கட்டிவிட்டு ஒன்றுசேர்ந்து இரண்டே பாட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் போரில் அவர் அக்கா மகன் இருக்கிறான். மூன்று நாளாக அவனிடமிருந்து செய்தி இல்லை.

"எனக்குக் கோபமில்லை, பயம். மூன்று நாளில் உங்களில் ஒருவர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லையே பாய்."

அன்று மதியமே தன் காரில் மச்சானை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அவர் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்; மச்சானால் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. ஃபோர்மேனின் அக்கா மகன் பிறகு காலில் காயத்தோடு உயிருடன் வந்தான். ஆனால் ஃபோர்மேன் அதற்கப்புறம் பட்டறையில் பாட்டு வைக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மடையன் நான்.

மச்சான் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு லீவிலும் அக்கா சோறு போட்டபடியே ஆரம்பிப்பாள்: "பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்க விடாமப் பண்ணிட்டானுக, அந்தப் பிளேன்காரனுக நல்லாருப்பானுகளா?" மச்சான் தலை நிமிராமல் சாப்பிடுவார். நான், "ஆமாக்கா" என்பேன்.