பிரேம் பொண்ணுக்கு நான் போட்டுக் கொடுத்த லிஸ்ட்

ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் தேக்கா பக்கம் வந்து ‘கவுன்சிலிங் சின்னத்தம்பி எங்க’ன்னு கேட்டுப் பாருங்க, புல்தரையில உக்காந்திருக்கறவங்க யாராவது கையைக் காட்டுவாங்க. நான்தான் அது. துவாஸ்ல கப்பல் பட்டறையில சாரம் கட்டற வேலை, பதினெட்டு வருஷமா. ஜூலை மாசம் வந்துட்டா எனக்கு இன்னொரு உத்தியோகம். ஊர்ல பிளஸ் டூ முடிச்சு என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நிக்கிற பிள்ளைகளோட அப்பனுங்க பாதிப் பேரு இங்கதானே வெல்டிங் அடிச்சுக்கிட்டு இருக்கான். எந்தக் காலேஜை மொதல்ல போடறது, எதைப் பத்தாவதா போடறதுன்னு அவனுக்கு என்ன தெரியும்? நாலு வருஷத்துக்கு முன்னாடி என் அக்கா மகனுக்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். நினைச்சதுக்கும் மேலயே கிடைச்சுது. அதுலருந்து ஒட்டிக்கிட்டது இந்த வேலை. போன வருஷ கட்-ஆஃப் எல்லாத்தையும் டெஸ்கர் ரோட்டுல பிரிண்ட் எடுத்து பைல்ல வச்சிருப்பேன்.

எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். ஆசைப்படறதை மேல போடு, எப்படியும் கிடைச்சுடும்னு தெரிஞ்சதைக் கீழ போடு. கம்ப்யூட்டர் மேலருந்துதான் பார்த்துக்கிட்டே வரும். சாதாரண காலேஜைத் தூக்கி மேல வச்சீன்னா அதை உன் தலையில கட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். இதைச் சொல்லிச் சொல்லியே முப்பது பிள்ளைகளைக் கரையேத்தியிருக்கேன். அதைப் பேச வாய் நல்லா வருது. இந்த வருஷம் செஞ்சதைச் சொல்லத்தான் நாக்கு எழமாட்டேங்குது.

பிரேமுக்கும் எனக்கும் அறந்தாங்கிதான். என்னைவிட மூணு வயசு சின்னவன். ஒரே பிளைட்ல வந்தோம், ஒரே ரூம்ல மேல் கட்டில் கீழ் கட்டில். அவன் சத்தமில்லாம கோர்ஸ் மேல கோர்ஸா படிச்சு சேஃப்டி சூப்பர்வைசர் ஆயிட்டான். நான் இன்னும் சாரத்து மேலதான் நிக்கிறேன். அவன் கீழ நின்னுக்கிட்டு, “அண்ணே, பெல்ட்டை மாட்டுங்க”ங்கிறான். மரியாதையாத்தான் சொல்லுவான். அதுதான் இன்னும் எரியும். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டிட்டுப் போயிடலாம். எனக்கு டெங்கு வந்து கிடந்தப்ப பத்து நாள் கஞ்சி வாங்கிட்டு வந்து பக்கத்துலயே உக்காந்திருந்தவன் அவன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. பதினெட்டு வருஷமா தேடிப் பார்த்துட்டேன்.

என் பையன் சக்தியும் அவன் பொண்ணு பிரசாந்தியும் ஊர்ல ஒரே ஸ்கூல். இந்த வருஷம் கவுன்சிலிங் ரேங்க் லிஸ்ட் வந்துச்சு. இருநூத்துக்கு சக்தி நூத்தி எண்பத்தொண்ணு. சொல்லிக்கிற மார்க்குதான். ஆனா பிரசாந்தி நூத்தித் தொண்ணூத்தி நாலரை. கேன்டீன்ல எல்லாரும் பிரேம் முதுகுல தட்டறாங்க, கை குடுக்கறாங்க. பக்கத்துல உக்காந்திருந்த சுஹைப், அவன் மகனுக்கும் நான்தான் அந்த வாரம் லிஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தேன், “உங்க பையன் எவ்வளவுண்ணே”ன்னான். பரவாயில்லைன்னுட்டு தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். வயிறு எரிஞ்சுது. அதுக்கு வேற பேரு வைக்க எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பஃபலோ ரோட்டுக் காப்பிக் கடையில பிரேம் எதிர்ல வந்து உக்காந்தான். நீங்க என்ன எழுதறீங்களோ அதேதான் போடணும், ஒரு வரி மாத்தக் கூடாதுன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன்னான். அந்த மார்க்குக்கு சென்னையில பெரிய காலேஜ்ல கண்ணை மூடிக்கிட்டு கிடைக்கும். ஒரு நிமிஷ வேலை. நான் பேனாவை எடுத்தேன். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலருந்து அரை மணி நேரத்துல ஒரு காலேஜ் இருக்கு, பேரு வேண்டாம், யார் கேட்டாலும் இடம் கிடைக்கும். அதை மொதல்ல எழுதினேன். சென்னையை ஒம்பதாவதாத் தள்ளினேன். இந்த வருஷம் முறை மாறிடுச்சு, நல்ல ரேங்க்ல இருக்கறவங்க நிச்சயமாக் கிடைக்கறதைத்தான் மேல வைக்கணும், இல்லைன்னா ஒண்ணுமில்லாமப் போயிடும்னு கூசாம சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேக்கல. பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு எனக்கு இன்னொரு டீ சொன்னான். அதையும் குடிச்சேன்.

என் பையனுக்கு நான் சரியான லிஸ்ட்டை ஏற்கெனவே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். நல்ல காலேஜ் எல்லாம் மேல, அந்த பஸ் ஸ்டாண்டு காலேஜ் முப்பத்தெட்டாவது. லிஸ்ட்டைப் பூட்ட ஓடிபி என் இந்தியா நம்பருக்குத்தான் வரும். கடைசி நாள் பிரேக்ல இருந்தப்ப என் வீட்டுக்காரி சுசீலா போன் பண்ணினா, நம்பரைப் படிச்சுச் சொன்னேன். எதைப் பூட்டறீங்கன்னு கேக்கல. எதுக்குக் கேக்கணும், நான் எழுதினதுதானே.

அதுக்கு மறுநாள் பிரேம் காட்டின லிஸ்ட்டைப் பார்த்துட்டு சுஹைப் வாயை விட்டுட்டான். எனக்கு ஆசைப்படறதை மேல போடச் சொன்னாரே, உனக்கு மட்டும் ஏன் தலைகீழா எழுதிக் கொடுத்தாருன்னு கேட்டிருக்கான். பிரேம் என்கிட்ட வந்து ஒண்ணும் கேக்கல. பெல்ட்டை மாட்டுங்கன்னு சொல்றதை மட்டும் நிறுத்திட்டான். வேற ஆளை விட்டுச் சொன்னான். ஒரு வாரம் என் மூஞ்சியைப் பார்க்கல. பூட்டினது பூட்டினதுதான், இனி என்ன பண்ண முடியும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

சீட்டு ஒதுக்கின அன்னைக்குப் பத்து மணி பிரேக்ல சுசீலா போன். குரல்ல சந்தோஷம். மொதல்ல போட்டதே கிடைச்சுருச்சாம். எதுன்னு கேட்டேன். அந்த பஸ் ஸ்டாண்டு காலேஜ் பேரைச் சொன்னா. அதை நான் முப்பத்தெட்டாவதாத்தானே எழுதினேன்னு கேட்டேன்.

“உங்களைத் தெரியாதா எனக்கு? நல்லதை எல்லாம் ஊருக்கு எழுதிக் கொடுப்பீங்க, வீட்டுக்கு மிச்சம் மீதி. பிரேம் சம்சாரத்துகிட்ட அவங்க லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். நமக்கு எழுதினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒசத்தி, என் புள்ளைக்கு மட்டும் மட்டமா? அதான் அவங்களோடதையே போட்டோம்.”

பிரசாந்திக்கும் அதேதான் கிடைச்சிருக்காம். ரெண்டு பேரும் ஒரே பிரிவு, ஒரே வகுப்பு. மேல இருக்கற காலேஜ்ல இடம் வந்தா மாறிக்கலாம்னு ஒரு வழி உண்டு. மொதல்ல போட்டதே கிடைச்சவனுக்கு மேல என்ன இருக்கு, மாறறதுக்கு? வேண்டாம்னு எழுதினா அடுத்த ரவுண்டுல எல்லாரும் எடுத்தது போக மிஞ்சினதுதான். முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்குத் தெரியாததா இது. இதுல ஒரு அசிங்கம், அந்த நேரத்துலயும் என் மனசு கணக்குப் போடுது, இனி நாலு வருஷம் அந்த வகுப்புல அவ மொதல்ல வருவா, இவன் பின்னாடி நிப்பான்னு.

போனை லாக்கர்ல வச்சுட்டு சாரத்து மேல ஏறினேன். கை வேலை செய்யுது, கண்ணுல ஒண்ணும் ஏறல. கொஞ்ச நேரத்துல ஏணி அதிர்ந்துச்சு. பார்த்தா பிரேம் மேல ஏறி வர்றான். வரட்டும், நாலு பேரு முன்னாடி சட்டையைப் பிடிக்கட்டும், வாங்கிக்கலாம்னு நின்னேன். கிட்டத்துல வந்து ஹெல்மெட்டைக் கொஞ்சம் மேல தள்ளினான். கண்ணு கலங்கியிருந்துச்சு.

“அண்ணே, என்னை மன்னிச்சுருங்க. சுஹைப் பேச்சைக் கேட்டு ஒரு வாரமா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். உங்க பையனுக்கும் இதே லிஸ்ட்டைத்தான் போட்டீங்கன்னு இப்பதான் வீட்டுல சொன்னாங்க. சொந்தப் பிள்ளைக்குச் செஞ்சதைத்தானே எம்பொண்ணுக்கும் செஞ்சிருக்கீங்க.”

ஆமாங்கற மாதிரி தலையை ஆட்டினேன். அவன் குனிஞ்சு என் பெல்ட்டோட கொக்கியை எடுத்துக் கம்பியில மாட்டினான். ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுக் கீழ இறங்கிப் போனான்.