நாய்க்குட்டியின் தடுப்பூசிப் புத்தகம்

மகளின் ஓவிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு கேள்விகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். நாயை எங்கே மீட்டீர்கள், எந்த மருத்துவர் பார்த்தார், ஊசி போட்டதற்கு என்ன அத்தாட்சி, இப்படி. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடி வீடு. கணவருக்குப் பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் வேலை; அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். தெருவில் போகும் எல்லா நாயும் அவளுக்குச் சிநேகிதம். நானோ நாய் என்றால் முதலில் வெறிநோயை நினைக்கிறவள். அதனால் வளர்ப்பதானால் ஊசி போட்ட நாய்தான் என்று உறுதியாக இருந்தேன்.

இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். உப்பல் சாலையில் மீட்கப்பட்ட பழுப்புக் குட்டி, வயது இரண்டு மாதம், ஊசியெல்லாம் போட்டாயிற்று, நல்ல வீடு தேவை. நோட்டைத் திறந்து வைத்து, இந்தியில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"அக்கா, தமிழ்தான? தமிழ்லயே சொல்லுங்க. எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அட, நான் ஜங்ஷன் பக்கம்க்கா. அப்போ நம்ம வீட்டுக்குத்தான் குட்டி போவுது."

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில், வீட்டுக்கு வெளியே ஒருவர் என்னிடம் 'போவுது' என்று பேசியது அதுதான் முதல் தடவை. பதினோரு கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவர்தான். எந்தத் தெரு, வீட்டுக்காரருக்கு எங்கே வேலை, பாப்பா எந்தப் பள்ளிக்கூடம். நல்ல இடமா என்று விசாரிக்கிறார், பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், குட்டிக்குக் காசு கிடையாது, மருந்துச் செலவை மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம்.

கணவர் நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"நாலு நாளா எழுதுனியே, ஒண்ணாவது கேட்டியா?"

"அவரு நம்மூருதாங்க."

"அப்ப சரி. நம்மூர்லதான் திருடனே கிடையாதே."

சனிக்கிழமை கணவருக்கு ஆபீஸ் வந்துவிட்டது. மகளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு நான் மட்டும் உப்பல் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். போனில் பேசியவர் டீக்கடை ஓரத்தில் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார். தேய்த்த சட்டை, என்னைவிடச் சின்ன வயது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போதே உள்ளுக்குள் ஏதோ இடறியிருக்க வேண்டும்.

குட்டியின் கண்ணில் பீளை கட்டியிருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்துக்கொண்டாள். "நா குக்கா," என்றாள், என் நாய் என்று. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து சந்தோஷம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான்.

அவர் தடுப்பூசிப் புத்தகத்தைக் கொடுத்தார். நாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரியும். மகளின் அட்டையை ஐந்து வருடமாகப் பாலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை டாக்டர் கிழித்து ஒட்டுவார். ஒவ்வொரு தேதியும் வேறு வேறு பேனாவில் இருக்கும். இந்தப் புத்தகத்தில் ஸ்டிக்கரே இல்லை. மூன்று தேதிகளும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் ஊசியின் தேதி குட்டி பிறப்பதற்கு முந்தியது.

"தம்பி, இதுக்கு ரெண்டு மாசம்தான?"

"ஆமாக்கா."

"முதல் ஊசி நாலு மாசத்துக்கு முன்னால போட்டதா எழுதியிருக்கே."

அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "டாக்டர் கைப்பிழைக்கா அது. நம்மூர்க்காரங்களே இப்படிச் சந்தேகப்பட்டா நான் எங்கன போவேன்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பர்ஸின் ஜிப்பைத் திறந்துகூட விட்டேன். பிறகு, என் குரல்தானா என்று நானே ஐயப்படும்படி, "எங்க தெருமுனையில நாய் டாக்டர் இருக்காரு. ஆட்டோ நிக்குது. அவர்ட்ட காட்டிட்டு அங்க வச்சே பணம் தாரேன், வாங்க," என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல," என்றார். 'அக்கா' போய்விட்டது. குனிந்து குட்டியைப் பிடித்து இழுத்தார். மகள் விடவில்லை. நாய்க்குட்டி கத்தியது, அவளும் கத்தினாள். நான் அவள் விரல்களைப் பிரித்தேன். நான்தான் பிரித்தேன்.

"கைக்கு மேடம், குத்தா நை லியே?" நாயை ஏன் எடுக்கவில்லை என்று ஆட்டோக்காரர் கேட்டார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டே அவள் முகத்தைத் துடைத்தேன். அடுத்துக் கையைத் துடைக்கும்போதுதான் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் குட்டி பல் பதித்திருந்தது.

சோப்பு வாங்கி, வழியிலிருந்த குழாயில் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். கேட்காமல் பணத்தைக் கொடுத்திருந்தால் யாரும் இழுத்திருக்க மாட்டார்கள், பல்லும் பட்டிருக்காது. இப்படி ஒரு கணக்கு. ஆனால் ஊசி போடாத நாய் வீட்டுக்குள் அவளோடு படுத்திருக்கும். இப்படி ஒரு கணக்கு. இன்றுவரை இரண்டும் ஓய்ந்தபாடில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, "குக்ககி வாக்சின் வேசாரா?" என்று கேட்டார். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா? ஒரு நிமிஷம் என்று வெளியே வந்து குட்டியைக் கொண்டுவந்தவருக்குப் போன் செய்தேன். நோட்டில் எழுதிய அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தால் போதும், மருந்துச் செலவைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லும் நிலையில் இருந்தேன். மூன்றாம் தடவை எடுத்தார்.

"பாப்பாவக் கடிச்சிட்டு தம்பி. நெசத்தச் சொல்லுங்க. ஊசி போட்டீங்களா?"

பஸ் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "போட்டாச்சுக்கா. பயப்படாதீங்க. பாப்பாக்கு ஒண்ணும் ஆவாது."

அதே குரல். வீட்டு மனிதர் ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னதைப் போலிருந்தது. நம்பினால் நாய்க்கடிக்குப் போடும் ஐந்து ஊசியும் மிச்சம், அவள் அழுகையும் மிச்சம். நான் உள்ளே போய், "போடவில்லை," என்றேன்.

முதல் ஊசி அன்றே போட்டார்கள். டாக்டரம்மா சீட்டை நீட்டியபோது, புட்டியின் ஸ்டிக்கரை ஒட்டித் தரும்படி கேட்டேன். சிரித்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார். மகள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள்.

"குக்ககி சூதி எவரு வேஸ்தாரு?"

நாய்க்கு யார் ஊசி போடுவார்கள் என்கிறாள். அடுத்த ஊசி மூன்றாம் நாள் என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன்.