அண்டாவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

சென்ற புதன்கிழமை காலை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியைக் கிணற்றுச் சுவர்மேல் வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பேச்சிப்பாறை அணைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மார்கழியில் அணைப் பக்கமிருந்து வருகிற காற்றுக்குத் தேங்காயெண்ணெய் குப்பிக்குள் இறுகிப் போகும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. வெயிலில் வைத்தால் இளகும். இளகியதை உச்சந்தலையில் தாராளமாக ஊற்றித் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு நின்றேன்.

அப்போதுதான் மாடியிலிருந்து மைத்துனன் ராஜமணியின் குரல்.

“அத்தான்! ஒண்ணு ஓடி வாருங்க… மெசினு ஓடேல்ல!”

மெஷின் என்றால் தையல் மெஷின் அல்ல. கம்ப்யூட்டர். எங்கள் வீட்டு மாடியில், ஓர் அண்டாவுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள் – ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ராஜமணி என் மனைவி வசந்தாவின் தம்பி. பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, நல்லதாக ஒரு கேமரா வாங்கி, கல்யாண வீடியோ எடுக்கிறான். எடிட்டிங் எல்லாம் எங்கள் மாடி அறையில். மேலே தகரக் கூரை. கோடையில் அந்த அறையில் மனிதனே இருக்க முடியாது, கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஒரு முழுக் கல்யாணத்தைக் கோத்து வெளியே எடுக்க அது மணிக்கணக்கில் ஓட வேண்டும். சரியாகத் தாலி கட்டுகிற இடத்துக்கு வரும்போது மயங்கி விழுந்துவிடும். விசிறிகளின் இரைச்சலோ, பக்கத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி.

எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தன் கம்ப்யூட்டரை அப்படியே எண்ணெயில் முக்கி வைத்திருப்பதை யூடியூபில் பார்த்திருக்கிறான். சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

“நடக்குமா அத்தான்?”

கேட்டது யாரிடம்? மின்வாரியத்தில் டிரான்ஸ்ஃபார்மர்களோடு ஆயுளைக் கழித்த ஆளிடம். டிரான்ஸ்ஃபார்மர் என்பது வேறென்ன? எண்ணெயில் குளித்துக்கொண்டே வேலை பார்க்கிற கம்பிச் சுருள்தானே. எண்ணெயில் மின்சாரம் பாயாது. சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். தத்துவம் சரி. ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சரியான எண்ணெய் வேண்டும். அதில் ஈரம் இருக்கக் கூடாது. எவ்வளவு வோல்ட் தாங்குகிறது என்று சோதிக்க வேண்டும். வடிகட்ட வேண்டும். மறுபடியும் சோதிக்க வேண்டும்…

“அத்தான், நான் சப்-ஸ்டேஷன் கெட்டப் போகேல்ல.”

அவன் ஊற்ற நினைத்தது தேங்காயெண்ணெய். சொந்தத் தென்னை, சொந்தக் கொப்பரை, பக்கத்தில் செக்கு. “நம்ம வெளிச்செண்ணெய விட நல்ல எண்ணெ உலகத்துல உண்டா?” என்றான். கூடாது என்பதற்கு நான் பதினொரு காரணங்கள் சொன்னேன். சிக்கு வாடை அடிக்கும். ஈரம் இழுக்கும். வயர்களின் உறை ஊறிப்போகும். எறும்பு வரும். பல்லி விழும்… பதினொன்றையும் பொறுமையாகக் கேட்டான். “சரி அத்தான்” என்றான். மறுநாள் ஊற்றிவிட்டான்.

அண்டா எது தெரியுமா? விசேஷ வீடுகளுக்குப் பாயசம் வைக்க வசந்தா பத்திரமாக வைத்திருந்தது. அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் பேச்சுக்கு அங்கே கிடைத்த மரியாதை இரண்டே விஷயத்தில். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கும் பவர் சப்ளையும் வெளியே இருக்கட்டும் என்றது. இன்னொன்று – அண்டாவுக்கு மூடி. தூசியும் ஈரமும் போகக் கூடாது, அவசியமில்லாமல் திறக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடியதா? ஓடியது. சத்தமே இல்லாமல், சூடே ஏறாமல், கோடை முழுக்க ஓடியது. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு என்பதை மறைப்பானேன்? தினமும் மாடிக்குப் போய் மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பேன்.

“என்ன, இன்னும் கெடேல்லியா?” என்பாள் வசந்தா, கீழேயிருந்து. “பாவம், நாளைக்கு நோக்குங்க.”

இனி, புதன்கிழமைக்கு வருவோம்.

முன்னறையில் பிலோமி அக்கா உட்கார்ந்திருந்தார். கடற்கரைக்காரர். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வீடியோ நம்ம ராஜமணி. அக்காவின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மாற்று ஆள் வந்து சேராததால் அவரால் இறங்க முடியவில்லை. ஒரே மகள். தகப்பன் இல்லாமலே தாலி ஏறியது.

நடுக்கடலில் அவருக்கு மெசேஜ் மட்டும்தான் போகும். வீடியோ பார்க்க வேண்டுமென்றால் கப்பல் துறைமுகத்தில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை சேரும் என்றிருந்த கப்பல் புதன்கிழமையே சேர்ந்துவிட்டது. மதியம் கிளம்பிவிடுமாம். அதை விட்டால் அடுத்த துறைமுகம் எப்போதோ. சேதி வந்ததும் அக்கா ஆட்டோ பிடித்து மலை ஏறிவிட்டார். எடிட்டிங் முடிந்துதான் இருந்தது. முழுப் படத்தையும் வெளியே எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவே. ஆனால் ராஜமணி நாலைந்து நாளாக வேறு கல்யாணங்களுக்கு அலைந்துகொண்டிருந்தான். மெஷின் அணைந்தே கிடந்தது. மழை மூட்டம் வேறு. அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது.

போட்டால் திரையில் ஒரு வரி வருகிறது, அப்படியே நின்றுவிடுகிறது.

“ஃபேன் சுத்தேல்லன்னு எழுதிக் காட்டுகு அத்தான்.”

“அது அறிகுறி. காரணமில்லை” என்றேன். வேலையில் சேர்ந்த நாளில் கற்றது: கருவி சொல்வதை நம்பாதே, அளந்து பார்.

“மூடியத் தொறந்து நோக்கட்டா?”

“தொடாதே! வெளியிலிருந்து உள்ளே. அதுதான் முறை.”

முறைப்படி ஆரம்பித்தேன். மெயின் போர்டு, பியூஸ், எர்த், யூபிஎஸ், பிளக், ஒயர். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. தலையிலிருந்து எண்ணெய் புருவத்துக்கு இறங்கியது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் எர்த்திலிருந்து தொடங்கினேன்.

“டிஸ்க்கக் களத்திக்கிட்டு மார்த்தாண்டத்துக்கு ஓடட்டா அத்தான்? அங்க கூட்டாளிக்க ஸ்டுடியோ உண்டு.”

“பத்து நிமிஷம் பொறு. கண்டுபிடிச்சிருவேன்.”

பத்து நிமிடம் போயிற்று. இன்னொரு பத்தும் போயிற்று. இனி மார்த்தாண்டத்துக்கு ஓடினாலும் பலனில்லை என்ற நேரத்தில் பிலோமி அக்கா மெதுவாகப் படியேறி வந்து வாசலில் நின்றார்.

“சாரே… ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லிருங்க. அந்த மனுசன் அங்க போனையே நோக்கிக்கிட்டு இருப்பாரு. நான் சொல்லணும்லா.”

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்தபோது, என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அண்டாவின் மூடிமேல் விழுந்தது.

அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நானே மூடியைத் திறந்தேன்.

வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, விளிம்புவரை கெட்டியாக உறைந்து கிடந்தது எண்ணெய். மணலில் புதைந்த வண்டிச் சக்கரம்போல உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது விசிறி. பாவம், அது எப்படிச் சுற்றும்? அந்த அப்பாவி மெஷின் முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டதே!

பின்னால் வசந்தா எட்டிப் பார்த்தாள்.

“பதினொண்ணு சொன்னியளே… இது எத்தனாவது?”

நான் மீட்டரின் ஒயரைச் சுற்றி வைப்பதில் மிகவும் மும்முரமானேன். ராஜமணியும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பான்? அவன் தலையிலும் காலையில் வெயிலில் வைத்து இளக்கிய எண்ணெய்தான்.

“அடுப்புல ஏத்திருவோமா?” என்றான்.

“ஏலே, பாயசமா வைக்கப் போறே?” என்றாள் அவன் அக்காள்காரி வசந்தா.

“குப்பி ஒறஞ்சா என்ன செய்வோம்? சூடு வெள்ளத்துல எறக்கி வைக்க மாட்டமா?” என்றார் பிலோமி அக்கா. “அது சின்னக் குப்பி, இது பெரிய குப்பி. பிடியுங்க!”

அவ்வளவு வெந்நீருக்கு எங்கே போவது? கீழே ஒரு பெரிய பானை நிறையக் கொதித்துக் கிடந்தது – என் குளியலுக்கு. நான் வாயைத் திறக்கும் முன்பே அது வாளி வாளியாக மாடி ஏறிவிட்டது. இணைப்புகளை எல்லாம் கழற்றி, துணி நனைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அண்டாவை இறக்கி, சுற்றிலும் வெந்நீர் விட்டோம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏதாவது சொல்ல வேண்டுமல்லவா?

ஓரம் முதலில் கண்ணாடியானது. பிறகு வெள்ளைக் கட்டி ஒன்று நடுவில் மிதந்து, தேய்ந்து, காணாமல் போனது. துடைத்து, மாட்டி, போட்டான் ராஜமணி. எண்ணெய்க்கு அடியில் விசிறி சோம்பலாக ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று…

“மாதாவே!” என்றார் அக்கா.

படம் முழுவதும் வெளியே வந்து, போய்ச் சேரும்வரை திரையில் நகர்கிற பச்சைக் கோட்டையே நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் போன் ஒலித்தது. ஒரு குரல் பதிவு. எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“பிலோமி… கண்டேன்டி. தாலி கெட்டுனத கண்டேன். பூசையில சாமியாரு எனக்க பேரச் சொல்லி செபிச்சாரு பாத்தியா… அத திருப்பித் திருப்பிக் கேட்டேன். கப்பல் எடுக்கப் போறான். வைக்கட்டா?”

அக்கா போனை முந்தானையில் துடைத்தார். போன் ஈரமாக இல்லை. பிறகு, “ஒரு சாயா கிட்டுமா வசந்தா?” என்றார்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். தெரிந்ததை எல்லாம் நாம் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறோம் போலும். கிணற்றடியில் தெரிந்தது மாடிப்படி ஏறும்போது கூட வருவதில்லை. ஆபீசில் தெரிந்தது அடுக்களைக்குள் நுழைவதில்லை. எந்த முறையைப் படித்திருந்தாலும், மூடியைத் திறக்கிற புத்தி முதலில் வர வேண்டுமே!

இதை வசந்தாவிடம் இதே வார்த்தைகளில், நன்றாக நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன். அவள் என் தலையைப் பார்த்தாள்.

“பேசுனது போரும். இனியாவது குளிக்கப் போறியளா… இல்ல, உங்களையும் கொஞ்ச நேரம் வெயில்ல கொண்டு வைக்கணுமா?”